எங்கள் சுவரில் அவன் பெட்டி

தேனியில் அந்த டிவி கடைக்காரர் அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டே கேட்டார். "வீட்ல கேபிளாக்கா, டிஷ்ஷா?"

எனக்கு முன்னால் அப்பா பதில் சொல்லிவிட்டார். "கேபிள்தான். எங்களுக்கு ஓசிலயே வருது."

அப்பா சொன்னது பொய்யில்லை. ஊரில் எல்லாரும் மாதாமாதம் காசு கொடுத்துப் பார்த்த கேபிள் எங்கள் வீட்டுக்கு மட்டும் பல வருடங்களாக இலவசமாக வந்துகொண்டிருந்தது. ஏன் இலவசம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் காரணம் எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

"டிஷ்ஷுதான்" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். 2007இல் எங்கள் பக்கம் டிஷ் வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கினாலும் ஆண்கள்தான் வந்து கேட்பார்கள். அவர் ஆர்வமாக விளக்க ஆரம்பித்தார். டிஷ்ஷில் இரண்டு வகை. ஒன்று அரசாங்க டிஷ். ஒருமுறை வாங்கி மாட்டினால் அவ்வளவுதான், மாதச் சந்தா கிடையாது, ஆனால் சேனல் கொஞ்சம்தான். இன்னொன்று கம்பெனி டிஷ். கார்டு போட வேண்டும், மாதம் பணம் ஏற்ற வேண்டும், சேனல் எல்லாம் வரும்.

"எங்கம்மா பாக்குற சீரியல் அரசாங்க டிஷ்ல வருமா?"

"வராதுக்கா."

"அப்ப கம்பெனி டிஷ்."

"ஆத்தா, எதுக்கு இந்த வெட்டிச் செலவு?" என்றார் அப்பா, கடைக்காரருக்குக் கேட்காத மாதிரி. "வீட்டுக்குள்ள வயரு வந்து கெடக்கு. சொருகுனா படம் தெரியப்போகுது."

நான் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே போனேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே மலை இருக்கிறது, மறைக்காதா? மறைக்காது, டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும், பக்கத்தில் தென்னைமரம் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். மழை பெய்தால்? பெருமழையில் கொஞ்ச நேரம் படம் போகும், மழை விட்டதும் வந்துவிடும். ஆடிக் காற்றுக்கு? நாலு போல்ட் போட்டுத் தரையில் இறுக்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "டிஷ் மாட்டுனா கேபிள்காரன் வயரு வீட்டுக்குள்ள வர வேண்டியது இல்லைல?"

அவர் சிரித்தார். "ஒரு நூலுகூட வர வேண்டியதில்லக்கா."

வாங்கிவிட்டேன். பணம் என்னுடையது. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துச் சேர்த்த பணம். அதனால் அப்பா அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் டிவிப் பெட்டியை மடியில் சாய்த்துப் பிடித்தபடி வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மெயின்ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். 1998இல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவன்தான் எங்கள் ஊருக்கும் சுற்றியிருந்த ஊர்களுக்கும் கேபிள் நடத்திக்கொண்டிருந்தான். அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

கேபிள்காரனுக்கு அந்த நாளில் ஊரில் இருந்த மரியாதையைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்து டிவிக்குப் பின்னால் கைவிடுவான். அவனுக்குச் சொந்தமாக ஒரு சேனல் இருந்தது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் வீடியோ எடுத்து அதில் போடுவான். கீழே வாழ்த்துகள் ஓடும். யாராவது எதிர்த்துப் பேசினால் அவர்கள் வீட்டு வயரைக் கம்பத்திலேயே வெட்டிவிடுவான். முக்குக் கடைக்காரர், கடைக்கு முன்னால் ஏணி போடாதே என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு அவர் வீட்டில் ஒரு தீபாவளி முழுக்க டிவி வெறும் புள்ளி புள்ளியாக ஓடியது. அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நிச்சயத்தை எங்கள் வீட்டில் வைத்தார்கள். பூ வைத்து, தட்டு மாற்றினார்கள். வீடியோ எடுத்தது அவனுடைய சிநேகிதன். லைட் பிடித்தது மாப்பிள்ளையாகிய அவனேதான். தொழில்காரன் என்ற பெருமையில் அவனால் சும்மா உட்கார முடியவில்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பியில் மாட்டிய பெரிய லைட்டை என் முகத்துக்குக் கீழே கொண்டுவந்து பிடித்தான்.

"கேமராவப் பாரு. குனியாத. பல்லக் காட்டாமச் சிரி."

எனக்குக் கண் கூசியது, வேர்த்து ஊற்றியது. கல்யாணம் ஆகப்போகிறவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கடைசிப் பேச்சும் அதுவாகவே போயிருக்கும், நான் விட்டிருந்தால்.

நிச்சயம் முடிந்த வாரம் ஏணியோடு வந்தான். "மாமா, உங்க மச்சுப்படிக்கிட்ட ஒரு பூஸ்டர் வச்சுக்கிறேன். உங்க வீடு நடுவுல இருக்கு. இங்கனருந்து மூணு தெருவுக்கும் லைன் இழுத்துக்கலாம். உங்க வீட்டுக் கரண்டுலயே ஓடட்டும். உங்களுக்குக் கேபிள் ஓசி" என்றான்.

தூரத்திலிருந்து வரும் வயரில் படம் மங்கிவிடும். அதைத் தெளிவாக்கி அடுத்த தெருக்களுக்கு அனுப்பும் தகரப் பெட்டியைத்தான் பூஸ்டர் என்பார்கள். மருமகன் கேட்கிறார் என்று அப்பா தலையைத் தலையை ஆட்டினார். மாடிப்படிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. காதை வைத்தால் வண்டு மாதிரி ரீங்காரம் கேட்கும். அம்மா அதற்குக் குங்குமம்கூட வைத்தாள்.

அந்த வாரமே எங்கள் நிச்சயத்தை அவன் சேனலில் போட்டான். அம்மா தெருவையே கூப்பிட்டு வீட்டில் உட்காரவைத்தாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் இருந்தது என் முகம் மாதிரியே இல்லை. கீழிருந்து அடித்த வெளிச்சத்தில் மோவாய் துருத்திக்கொண்டு, கண் உள்ளே போய், கன்னமெல்லாம் கறுத்து, யாரோ ஒரு வயதான பொம்பளை மாதிரி இருந்தேன். கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

கொஞ்ச நாளில், சம்பந்தம் பேசிவிட்ட உறவுக்காரர் வந்தார். காபியைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொன்னார்.

"அவுக வீட்ல தோது இல்லேங்கிறாக."

"என்ன தோது இல்ல?" என்றார் அப்பா. "தட்டு மாத்தியாச்சே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிவில போட்டாக இல்ல. அவுக சொந்தக்காரவுக எல்லாரும் பாத்துட்டு ஒரு மாதிரி பேசுறாகளாம். புள்ள டிவில கருப்பாத் தெரியுது, பல்லு எடுப்பாத் தெரியுதுன்னு."

அப்பா அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். அவன் வெளியே வரவில்லை. உள்ளேதான் இருந்தான், குரல் கேட்டது என்றார் அப்பா. அவன் அம்மாதான் வாசலுக்கு வந்து பேசினாள். "நேர்ல பாத்தப்ப தெரியல, டிவில பாத்தாத்தான தெரியுது" என்றாளாம். திரும்பி வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் உட்கார்ந்தார். அப்பாவை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையோடு இன்னொன்றும் வந்தது. அழுகை சில மாதங்களில் நின்றுவிட்டது. அந்த இன்னொன்று நிற்கவில்லை.

அடுத்த தையில் அவனுக்குத் தேவாரம் ஊர்ப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. சிவப்பான பெண். கல்யாண வீடியோவைத் தன் சேனலில் நாள் கணக்கில் ஓட்டினான். இந்த முறை லைட்டெல்லாம் மேலிருந்து, வெள்ளைக் குடையில் பட்டு, பூவாக இறங்கியது. மதுரையிலிருந்து ஆள் கூப்பிட்டிருந்தானாம்.

அந்தக் கல்யாணம் மூன்று தெருவுக்கும் போனது எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பெட்டி வழியாக. எங்கள் கரண்டில். அவன் தாலி கட்டியபோது எங்கள் மீட்டர் ஓடியது.

"அந்தப் பொட்டியப் பிடுங்கி எறிங்கப்பா" என்றேன்.

"வேணாந்தா" என்றார் அப்பா. "எடுத்தா, வயித்தெரிச்சல்ல எடுத்தாகன்னு ஊரு சொல்லும். இருந்துட்டுப் போகட்டும். நமக்கு ஒண்ணும் இல்லைன்னு காட்டணும்ல."

நமக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக அந்தப் பெட்டி அங்கேயே இருந்தது. மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அதன் அருகேதான் படி ஏற வேண்டும். சிவப்பு விளக்கு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் தோட்டத்தில் குலை வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றேன். வயரைக் கத்தரியின் வாய்க்குள் வைத்துப் பிடித்தும்விட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். திருட்டுத்தனமாக வெட்டினால் ஏதோ எலி கடித்துவிட்டது என்று வந்து ஒட்டிவிட்டுப் போவான். எனக்கு அது போதாது. நான்தான் செய்தேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஊருக்கும் தெரிய வேண்டும். கேட்பவர்களிடம் பதில் சொல்ல எனக்கு ஒரு நியாயமான காரணமும் வேண்டும்.

அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் ஒரே கேள்வியோடு வந்தன. "டிவில வந்த புள்ளதான?" சின்னமனூரிலிருந்து வந்தவர்களும் கேட்டார்கள், கூடலூரிலிருந்து வந்தவர்களும் கேட்டார்கள். ஒரு மாப்பிள்ளையின் அக்கா என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேர்ல தேவலாம்" என்றாள். அன்றைக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இனி யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று. டைப்ரைட்டிங் படித்தேன். வக்கீல் ஆபீஸில் சேர்ந்தேன். வாதி, பிரதிவாதி என்று நாள் முழுக்க அடித்து அடித்து எனக்கு ஒன்று புரிந்தது. கோபத்தில் அரிவாளைத் தூக்கியவன் எல்லாம் தோற்றான். காத்திருந்து, தன் பக்கம் எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொண்டவன் ஜெயித்தான்.

பழைய டிவி ஒரு மழைநாளில் புகைந்து அணைந்தபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. என் காரணம் வந்துவிட்டது.

டிஷ் மாட்டத் தேனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். மொட்டைமாடியில் போல்ட் இறக்கி, டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி ஒரு இடத்தில் நிறுத்தினார். கீழே அம்மா "வந்திருச்சு, வந்திருச்சு" என்று கத்தினாள். புது டிவியில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இறங்கும்போது படிச்சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்து நின்றார்.

"இது யாருதுக்கா? உங்க கரண்டுல ஓடுது."

"ஒருத்தருது. வந்து எடுத்துக்குவாக" என்றேன்.

பெட்டியின் வயர் படிக்குக் கீழே ஒரு பிளக்கில் சொருகியிருந்தது. சுவிட்ச் ஒன்று. விரலால் தட்டினால் போதும். அன்றே தட்டியிருக்கலாம். தட்டவில்லை. அந்த மாதம் அவன் சேனலில் கீழே ஓர் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது என்று எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்லியிருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த அவன் மகனுக்குக் காதுகுத்து. உத்தமபாளையத்தில் மண்டபம். மண்டபத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு. வர இயலாதவர்கள் வீட்டிலிருந்தே கண்டு வாழ்த்தும்படி கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்தேன். தலையில் பூ வைத்தேன். அம்மா, "கோயிலுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். எதிர்வீட்டில் பெரியம்மா டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள். நாதஸ்வரம் கேட்டது. மைக்கில் ஒருவர் ஒவ்வொரு சொந்தமாகப் பேர் சொல்லி மேடைக்கு அழைத்தார். தாய்மாமன் சீர் வருகிறது என்றார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்கச் சொன்னார். ஆசாரியை முன்னால் வரச் சொன்னார்.

சுவிட்சைத் தட்டினேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ரீங்காரம் நின்றது. எதிர்வீட்டில் நாதஸ்வரம் போய், சர்ரென்று ஓர் இரைச்சல் வந்தது. பிறகு அடுத்த வீட்டில். அப்புறம் பின்தெருவில் யாரோ "ஏலே, என்னாச்சுன்னு பாருங்கலே" என்று கூவினார்கள். நான் பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி, பெட்டியின் மேல் வைத்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கோயிலிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

முதலில் வந்தது எதிர்வீட்டுப் பெரியம்மா. "ஏத்தா, உங்க வீட்லயும் போச்சா?"

"எங்க வீட்ல வருது பெரியம்மா. எங்களுக்கு டிஷ்."

"எங்களுக்கு வரலையே."

"நாங்க கேபிள வேணாம்னுட்டோம். அதான் எங்க கரண்ட நிப்பாட்டிட்டோம். அவுக பொட்டிய அவுக வந்து எடுத்துக்கிறட்டும்."

பெரியம்மா கொஞ்ச நேரம் என் தலையிலிருந்த பூவையே பார்த்தாள். பிறகு, "அடி சண்டாளி" என்றாள். அதில் திட்டு பாதிதான் இருந்தது.

அவன் மதியத்துக்கு மேல் வந்தான். பட்டுவேட்டி, கையில் சந்தனம், சட்டையில் பன்னீர் வாசம். பைக்கை நிறுத்திவிட்டுச் செருப்போடு படியேறப் போனவன் என்னைப் பார்த்ததும் நின்றான். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் அவன் கால் வைக்கவில்லை. பெட்டியில் கோளாறு என்றால் வேலையாளைத்தான் அனுப்புவான். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தெரு கூடியிருந்தது.

"என்ன மாமா இது?" என்று அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான். "விசேச நாள்ல இப்படிப் பண்ணிட்டீகளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவன் மாமா என்றதும் அப்பாவின் முகம் மாறியது. நான் முன்னால் வந்தேன்.

"யாரு உங்களுக்கு மாமா? எங்கிட்டப் பேசுங்க. கரண்டு பில்லு என் பேர்ல வருது."

"சரி, உங்ககிட்டயே கேக்குறேன். எதுக்கு நிப்பாட்டுனீக?"

"புது டிவி வாங்கியிருக்கோம். அதுல உங்க கேபிளு சரியாத் தெரியல" என்றேன். "கருப்பாத் தெரியுது. பழைய டிவில பாத்தப்ப தெரியல. புது டிவில பாத்தாத்தான தெரியுது. அதான் தோது இல்லேன்னு விட்டுட்டோம்."

கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ முக்குக் கடைக்காரர் சிரித்தார். அவர் சிரித்ததும் இன்னும் சிலர் சிரித்தார்கள். அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயில் வரும்போது குரல் நடுங்கிவிடுமோ என்றுதான் பயந்திருந்தேன். நடுங்கவில்லை.

"ஒரு மாசம் தவணை குடுங்க. வேற எடம் பாத்து மாத்திக்கிறேன்."

"இன்னைக்கே எடுத்துக்கங்க. ஏணி வேணும்னா எங்க வீட்லயே இருக்கு."

அவனே ஆணியைப் பிடுங்கி, பெட்டியைக் கழற்றி, பட்டுவேட்டியில் துருப் படிய இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கினான். அம்மா வைத்த குங்குமத்தின் கறை சுவரில் தங்கிவிட்டது. அதை அன்று சாயங்காலமே தேய்த்துக் கழுவினேன்.

பெட்டியை மாட்ட வேறு வீடு கேட்டு மூன்று தெருவும் நடந்தான். முக்குக் கடைக்காரர் கதவையே திறக்கவில்லை. முன்பு அவன் வயரை வெட்டிய வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாக்குச் சொன்னது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஷாக் அடிக்கும் என்றார்கள். சுவர் பச்சை மண்சுவர், ஆணி தாங்காது என்றார்கள். மின்கம்பத்தில் மாட்டப் பார்த்தான். மின்வாரிய ஆட்கள் கூடாது என்றுவிட்டார்கள். தொலைவிலிருந்து நேராக லைன் இழுத்ததில் படம் மழை பெய்கிற மாதிரி வந்தது.

ஊர் உடனே என் பக்கம் சேர்ந்துவிடவில்லை. சீரியல் போய்விட்டது என்று என்னைத் திட்டினவர்கள் உண்டு. குழந்தை விசேஷத்தில் விளக்கை அணைத்தவள் என்று காதுபடப் பேசினார்கள். அம்மாகூடச் சில நாள் என்னிடம் பேசவில்லை. டிஷ்ஷில் சீரியலைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தாள். பெரியம்மா முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தாள். பிறகு, "அந்தத் தேனி ஆளு நம்பரக் குடு" என்றாள். அவளுக்கு அடுத்து முக்குக் கடைக்காரர். அதன் பிறகு யார் கேட்டாலும் நானே போன் செய்து கொடுத்தேன். எது நல்லது, எந்தச் சேனல் எதில் வரும், தென்னைமரம் இருந்தால் எங்கே வைக்கலாம், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. டிஷ் மாட்டுகிற ஆள், சம்பளமில்லாத ஏஜெண்டு என்று என்னைக் கேலி செய்தார். சாயங்காலம் மாடிக்குப் போய் நின்றால் கூரைகளில் புதுத் தட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்திருப்பது தெரியும். காற்று வாங்குவதற்காக மாடிக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வருடம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். இடுப்பில் அந்தப் பையன். நான் அவளை டிவியில் மட்டும்தான் பார்த்திருந்தேன். நேரில் கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீகளே."

"கேளுங்க."

"உங்களுக்கு அவுக மேலதான கோவம். எம்பிள்ள என்ன பண்ணுச்சு? ஒத்தப் பிள்ள. நடக்க மாட்டாம எங்க ஆச்சி உங்க பின்தெருவுல எங்க சித்தி வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. காது குத்துற நேரத்துல போச்சு."

எனக்கு அது தெரியாது. ஆனாலும் விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை. "என்னைய டிவில போட்டு வேணாம்னு சொன்னாகளே, நான் என்ன பண்ணேன்?" என்றேன். "அன்னைக்கு யாராச்சும் வந்து கேட்டீகளா?"

அவள் பையனை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தேவாரம் பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பினாள்.

"உங்க நிச்சயத்த எங்க ஊர்லயும் போட்டாக. நானும் பாத்தேன். நீங்க நல்லாத்தான் இருந்தீக. லைட்டுதான் சரியில்ல. யாரு பிடிச்சதுன்னு கல்யாணத்துக்கப்புறம் இவுககிட்டக் கேட்டேன், நாந்தேன்னாக."

இதைச் சொல்லிவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள். எங்கள் ஊர் பஸ் வந்தும் நான் ஏறாமல் நின்றேன். பத்து வருடம் அந்த வார்த்தையை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. என் அம்மாகூட. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன்மேல் இருந்தது இன்னும் கூடிவிட்டது. லைட் தன்னுடையது என்று தெரிந்தே இருந்திருக்கிறது அவனுக்கு. தெரிந்துதான் வீட்டுக்குள் உட்கார்ந்து அம்மாவை வாசலுக்கு அனுப்பியிருக்கிறான்.

2010இல் அவன் தொழிலைத் தேனிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மூன்று தெருவிலும் சந்தா கட்ட ஆளில்லாததால் அந்த லைன் வேண்டாம் என்று வாங்கியவர் சொல்லிவிட்டாராம். பழைய வயரை இறக்கிக்கொண்டு போக அவனே வந்தான். வேலையாள் யாரும் இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் வக்கீலுக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

நல்ல வெயில். ஏணியைக் கம்பத்துக்குக் கம்பம் தோளில் தூக்கிப்போய்ச் சாத்தினான். ஏறி வெட்டினான், இறங்கி இழுத்தான், கறுப்பு வயரைக் கையில் வளையமாகச் சுற்றினான். தலையில் துண்டு. முன்பு இருந்த தொப்பை இல்லை. எங்கள் வீட்டுக்கு நேரே இருந்த கம்பத்துக்கு வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அம்மா, கேபிள்காரவுகளுக்குத் தண்ணி குடுங்க" என்று குரல் கொடுத்தேன்.

அம்மா செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். சொல்வதற்கு இடம் கொடுக்கிற முகம் என்னுடையது இல்லை என்று கண்டுகொண்டிருப்பான். ஏணியைத் தூக்கினான். கடைசிக் கம்பம் முடிந்து, வயர் வளையங்களைப் பைக்கில் பின்னால் கட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன்.

"பாவம், வேர்த்துக் கொட்டுது" என்றாள் அம்மா.

"கொட்டட்டும்" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. அன்று மதியம் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்தவர், தெருவுக்குக் குறுக்கே வயரே இல்லாமல் வெறும் வானம் தெரிவதை அண்ணாந்து பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து சாப்பிட உட்கார்ந்தார்.